ரிஃப்ளெக்‌ஷன்: பெயர் கிடைத்த பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சி ஷார்ப்பில் ஒரு சின்ன இறக்குமதிக் கருவி எழுதுகிறேன். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பின் தலைப்பு வரியில் இருக்கும் பெயர்களைப் பார்த்து, என் ஆப்ஜெக்ட்டில் அதே பெயருள்ள பிராப்பர்ட்டிகளில் மதிப்பை நிரப்ப வேண்டும். முதலில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கிளை வைத்து நீளமான ஸ்விட்ச் எழுதினேன், அப்புறம் ரிஃப்ளெக்‌ஷனுக்கு மாறினேன்; அதாவது, புரோகிராம் ஓடும்போதே பெயரை வைத்து பிராப்பர்ட்டியைத் தேடி மதிப்பை வைக்கும் வழிக்கு. பெயர், முகவரி எல்லாம் ஒழுங்காக ஏறுகின்றன. வயதிலும் தேதியிலும் எக்ஸெப்ஷன் வருகிறது. ஒரு ஸ்ட்ரக்ட்டில் (கொடுக்கும்போதெல்லாம் நகலாகும் டைப்) எக்ஸெப்ஷன் வருவதில்லை, மதிப்பும் மாறுவதில்லை. ரிஃப்ளெக்‌ஷன் மெதுவானது, தொடாதே என்கிறார்கள் நண்பர்கள். பழைய ஸ்விட்ச்சுக்கே போய்விடவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போக வேண்டாம். நீங்கள் பாதி வேலையை முடித்துவிட்டீர்கள், மிச்சமிருப்பது டைப் மாற்றம்.

கெட்பிராப்பர்ட்டி பெயரை வைத்து பிராப்பர்ட்டியைத் தேடித் தரும். செட்வேல்யூ நீங்கள் கொடுத்ததை அப்படியே வைக்கப் பார்க்கும். கோப்பிலிருந்து வருவதெல்லாம் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்). வயது இன்ட்டாக (முழு எண்ணாக) இருந்தால் "42" என்ற ஸ்ட்ரிங் தானாக எண்ணாகிவிடாது, ஆர்க்யுமென்ட் எக்ஸெப்ஷன்தான் வரும். நேரடியாக எழுதியிருந்தால் இதை கம்பைலரே பிடித்திருக்கும்.

இதற்குப் பலரும் கன்வெர்ட் கிளாஸின் சேஞ்ச்டைப்பைப் பயன்படுத்துவார்கள். இன்ட், டெசிமல் வரை பிரச்சினை இல்லை. நல்லபிள் (மதிப்பே இல்லாமலும் இருக்கக்கூடிய) டைப் வந்தால் அது கைவிரித்துவிடும். முதலில் கெட்அண்டர்லையிங்டைப் மூலம் உள்ளே இருக்கும் டைப்பை எடுங்கள், காலி ஸ்ட்ரிங் வந்தால் நல் (null, மதிப்பே இல்லை என்ற குறி) வையுங்கள். எனம் (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) என்றால் எனம்.பார்ஸ் தனியாக வேண்டும்.

தேதியை மட்டும் சேஞ்ச்டைப்பிடம் விடாதீர்கள். 03/04/2024 என்பது மெஷினின் கல்ச்சரைப் (நாடு, மொழிக்கான அமைப்பைப்) பொறுத்து மார்ச் 4 ஆகவும் இருக்கலாம், ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம். உங்களுக்கு எக்ஸெப்ஷன் வந்ததே நல்லதாகப் போயிற்று. சத்தமில்லாமல் தப்பான தேதி உள்ளே போயிருந்தால் கண்டுபிடிக்கவே நாளாகும். பார்ஸ்எக்ஸாக்ட்டில் வடிவத்தைக் கொடுத்து, எந்த நாட்டையும் சாராத இன்வேரியன்ட் கல்ச்சரோடு படியுங்கள்.

ஸ்ட்ரக்ட் விஷயம் எளிது. செட்வேல்யூ ஆப்ஜெக்ட்டை எதிர்பார்க்கிறது, அதனால் ஸ்ட்ரக்ட் பாக்ஸ் ஆகி (ஆப்ஜெக்ட்டாகப் பொதியப்பட்டு) அதன் நகல்தான் உள்ளே போகிறது. மதிப்பு மாறுவதும் அந்த நகலில்தான். ஒரு ஆப்ஜெக்ட் மாறியில் நீங்களே முதலில் பாக்ஸ் செய்து, எல்லாவற்றையும் அதில் நிரப்பி, கடைசியில் மறுபடி ஸ்ட்ரக்ட்டாகக் கேஸ்ட் செய்து எடுக்கலாம். நானாக இருந்தால் பேசாமல் அதை கிளாஸாக மாற்றிவிடுவேன்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. கெட்பிராப்பர்ட்டி சாதாரணமாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்கும். பெயர் கிடைக்காவிட்டால் எக்ஸெப்ஷன் எறியாது, நல் தரும். பலர் அந்த இடத்தில் கேள்விக்குறியும் புள்ளியும் (நல் என்றால் சத்தமில்லாமல் தாண்டிப்போகும் குறி) போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தலைப்பில் ஓர் எழுத்து தப்பினாலும் அந்த நெடுவரிசை (column) முழுக்கக் காலியாகவே ஏறும், யாருக்கும் தெரியாது. தலைப்பு வரியைப் படித்ததும் எல்லாப் பெயர்களையும் ஒரே தடவை தேடி டிக்‌ஷனரியில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இதனால் ஒவ்வொரு வரிக்கும் பெயரைத் தேடும் செலவும் போய்விடும். அதற்கு மேலும் வேகம் போதவில்லை என்று அளந்து தெரிந்தால் மட்டும் டெலிகேட் (மெத்தடை நேரடியாக அழைக்க வைத்துக்கொள்ளும் கைப்பிடி) பக்கம் போங்கள்.

நண்பர்கள் வேகத்துக்காகப் பயமுறுத்துகிறார்கள். எனக்குப் பயம் வேறு இடத்தில். கோப்பு வெளியாரிடமிருந்து வருகிறதா? அப்படியானால் உங்கள் ஆப்ஜெக்ட்டில் எதை மாற்றலாம் என்பதை இப்போது தலைப்பு வரிதான் முடிவு செய்கிறது. நிர்வாகியா என்று குறிக்கும் பிராப்பர்ட்டி அதே கிளாஸில் இருந்தால், அதன் பெயரில் ஒரு நெடுவரிசை சேர்த்தாலே போதும். 2012 மார்ச்சில் நிரல் களஞ்சியத் தளமான கிட்ஹப்பில் இப்படித்தான் நடந்தது. படிவத்தில் வந்த பெயர்களை அத்தளம் பயன்படுத்திய ரெயில்ஸ் (வெப் ஃப்ரேம்வொர்க்) அப்படியே மாடலில் நிரப்பியதால், ஒருவர் பயனர் எண்ணைக் கூடுதலாக அனுப்பித் தன் நுழைவுச் சாவியை ரெயில்ஸ் திட்டத்தின் கணக்கில் சேர்த்து, அதன் களஞ்சியத்திலேயே கமிட் செய்து (மாற்றத்தைச் சேர்த்து) காட்டினார். அனுமதித்த பெயர்களை மட்டும் ஏற்கும் ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸ் ரெயில்ஸ் 4-இல் வந்தது.

நீங்களும் ஒரு கஸ்டம் ஆட்ரிபியூட் (பிராப்பர்ட்டியின் மேல் ஒட்டும் குறிப்பு) எழுதி, இறக்குமதி தொடலாம் என்ற பிராப்பர்ட்டிகளுக்கு மட்டும் போடுங்கள். டிக்‌ஷனரியை அவற்றை வைத்து மட்டுமே நிரப்புங்கள். கோப்பில் வரும் தலைப்பையும் தேதி வடிவத்தையும் அந்த ஆட்ரிபியூட்டிலேயே எழுதிவிட்டால், நாளைக்குத் தலைப்பு மாறினாலும் பிராப்பர்ட்டியின் பெயரைத் தொட வேண்டியிருக்காது.