மைக்செட் வீட்டுப் பையனுக்கு 9 லட்ச ரூபாய் சீட் எதற்கு?

அன்புள்ள அம்மா,

கடிதத்தை முழுதாகப் படித்தேன். அறந்தாங்கிப் பக்கம் உங்கள் கணவர் மைக்செட் வைத்திருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டார், பொறியியல் கட்-ஆஃப் 200க்கு 121. உங்கள் அண்ணன் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில், மேனேஜ்மெண்ட் கோட்டாவில், 'ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்' சீட் பேசி முடித்துவிட்டார். உங்கள் மகன், அதாவது நம் தம்பியோ, "மியூசிக் லைன்தான்" என்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும், என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

கட்டாதீர்கள்.

அண்ணன் சொன்ன கணக்குப்படியே நான்கு வருடத்துக்கு விடுதியோடு 9 லட்சம். தென்னந்தோப்பை அடமானம் வைத்து, 11 சதவீத வட்டியில், ஏழு வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை 15,400 ரூபாய்க்கு மேல் வரும். மொத்தம் கட்டுவது 13 லட்சத்தைத் தொடும். படித்து முடித்த முதல் வருடத்தில் அந்தத் தவணையை யார் கட்டுவார்கள்? கணக்கும் இயற்பியலும் தனக்கு வராது என்று தம்பியே சொல்கிறார். அந்தப் படிப்பின் முதல் வருடமே லீனியர் அல்ஜிப்ரா, நிகழ்தகவு. அரியர் விழத் தொடங்கினால் நான்கு வருடம் ஐந்தாகும், கடன் மட்டும் நிற்காமல் ஓடும். தாய்மாமன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தோப்பு அவருடையது இல்லை.

அதே உறுதியோடு தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் 4 லட்சம் கட்டி ஒரு வருட மியூசிக் புரொடக்‌ஷன் டிப்ளமோ படிக்கிறேன் என்கிறாராம். அதுவும் இப்போது வேண்டாம். அவர் போனிலாவது சொந்தமாக ஐந்து மெட்டு போட்டு முடித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு பேச்சு. இல்லையென்றால், அவருடைய சாய்வு இசை அமைப்பதில் இல்லை. அது எதில் என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், குறையாக எழுதிவிட்டீர்கள்: "வேலை வெட்டி இல்லாமல் அப்பாவின் ஹார்டு டிஸ்கில் உள்ள 7,000 பாட்டுக்கும் படம், வருடம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர் என்று பெயர் மாற்றிக்கொண்டே இருக்கிறான்."

அம்மா, இசைத் தொழிலில் இன்று பணம் சரியான ஆளுக்குப் போய்ச் சேருவதே இந்த வேலையால்தான். இந்த விவரங்களுக்குப் பெயர் மெட்டாடேட்டா. இதைச் சுற்றி இருக்கும் துறைக்கு ராயல்டி (உரிமைத் தொகை) நிர்வாகம், கேட்டலாக் (பாட்டுப் பட்டியல்) நிர்வாகம் என்று சொல்வார்கள். ஊரில் யாருக்கும் தெரியாத வேலை என்பதால் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

கேசட் விற்ற காலத்தில் கடைக்காரர் எண்ணிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. 2024இல் உலக அளவில் பதிவு செய்த இசையின் வருமானத்தில் 69 சதவீதம் ஸ்ட்ரீமிங்கிலிருந்து, அதாவது இணையத்தில் நேராகக் கேட்பதிலிருந்து, வந்ததாக, இசைப்பதிவு நிறுவனங்களின் உலக அமைப்பான ஐஎஃப்பிஐயின் அறிக்கை சொல்கிறது. ஒரு தடவை கேட்டால் கிடைப்பது ஒரு ரூபாயில் சிறு பங்கு. அதையும் பல பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சில்லறை கோடிக்கணக்கான வரிகளாக வருகிறது, ஒவ்வொரு வரியிலும் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்து-எண் கொண்ட குறியீடு. நாட்டுக்கு 2, பதிவு செய்தவருக்கு 3, வருடத்துக்கு 2, வரிசை எண்ணுக்கு 5. வரி-மெட்டுக்கு ஐஎஸ்டபிள்யூசி என்று தனி எண். எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ஆளுக்கொரு ஐபிஐ எண். வெளியிட்ட ஆல்பத்துக்கு, மளிகைக் கடைப் பொருளில் இருப்பதுபோல், பார்கோடு எண். இந்த நான்கும் ஒன்றையொன்று சரியாகப் பிடித்துக்கொண்டால் பணம் ஓடும். ஒன்று விட்டுப்போனால் 'அடையாளம் தெரியாத' பெட்டியில் விழுந்து கிடக்கும்.

இந்தியாவில் இதற்குச் சட்டப் பின்புலமும் இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, சினிமாவுக்கு எழுதிய பாடலாசிரியரும் மெட்டமைத்தவரும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்றப் பயன்பாடுகளில் வரும் ராயல்டியின் சம பங்கை விட்டுக்கொடுத்து எழுதித்தர முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். 1969இல் தொடங்கிய, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ் 2017இல் மறுபடி பதிவு பெற்ற பிறகு அந்தப் பணத்தை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிறது. எழுதியவர் காலமான பின்னும் 60 வருடம் உரிமை உண்டு. ஆக, ஒரு பாடலாசிரியரின் பேரன் காலம்வரை யாராவது கணக்குப் பார்த்தாக வேண்டும்.

என்ன தப்பு நடக்கிறது என்று சொன்னால் வேலை எப்படிப்பட்டது என்று புரியும். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் முன்னால், பின்னால், புள்ளியோடு, புள்ளி இல்லாமல் வரும். எம். குமார் என்பவர் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக மூன்று ஆல்பத்தில் இருந்தால், கம்ப்யூட்டருக்கு அவர் மூன்று ஆள். பாட்டுத் தலைப்பில் ஒரு 'ழ' வந்தால் போதும், இரண்டு மூன்று ஸ்பெல்லிங்கில் பதிவாகிவிடும். பங்கு சதவீதம் கூட்டினால் 100க்குப் பதில் 125 வரும், ஆளாளுக்கு உரிமை கொண்டாடியிருப்பார்கள், சண்டை தீரும்வரை பணம் நிறுத்திவைக்கப்படும். பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பிவைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது பழைய பதிவுக்கே புது ஐஎஸ்ஆர்சி போட்டுவிட்டால், அதுவரை சேர்ந்த பிளே எண்ணிக்கை துண்டாகிவிடும். நேர்மாறாக, கரோக்கி வடிவத்துக்கும் ரீமிக்ஸுக்கும் மூலப் பாட்டின் எண்ணையே போடுவார்கள், அதுவும் தப்பு. என்னை மிகவும் வருத்துவது வேறொன்று: எழுதியவர் உயிரோடு பக்கத்து ஊரில் இருக்கும்போதே அவர் பாட்டை 'டிரெடிஷனல்', அதாவது எழுதியவர் தெரியாத மரபுப் பாட்டு, என்று பதிந்துவிடுகிறார்கள். ஒரு சொல்லில் அவருடைய பணம் போய்விடுகிறது.

யூடியூபில், மற்றவர் வீடியோவில் நம் பாட்டு வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு இருக்கிறது. தனி உரிமை இருந்தால் மட்டுமே அதில் பாட்டைச் சேர்க்க வேண்டும். இணையத்தில் பலருக்கும் விற்கப்படும் பீட்டை (பின்னணி இசையை) வாங்கி, அதன்மேல் பாடி, கன்டென்ட் ஐடியில் போட்டால், அதே பீட்டை வாங்கிய மற்றவர் வீடியோக்கள் மீதெல்லாம் உரிமைக் கோரல் பாயும். கடைசியில் கணக்குக்கே ஆபத்து வரும்.

இனி தம்பி என்ன செய்ய வேண்டும் என்பது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு டிஎன்காசா தளத்தில் ஒரே விண்ணப்பம். பி.எஸ்சி. கணினி அறிவியல் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கணினிப் பாடம் சேர்ந்த வேறு பட்டம். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம். சுமார் 45,000 ரூபாயில் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுங்கள். ஸ்டுடியோ ஸ்பீக்கர், மிடி கீபோர்டு எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

முதல் ஆறு மாதத்துக்கு அவருக்கு ஒரே பயிற்சிதான். உங்கள் கணவர் மைக்செட் போடும் திருவிழாக்களில் பாடும் கிராமியப் பாடகர்கள், நாடகக் கலைஞர்கள் யாராவது சொந்தப் பாட்டு வைத்திருப்பார்கள். அவர்களிடம் கேட்டு 50 பாட்டுக்கு ஒரு அட்டவணை போடட்டும். தலைப்பு தமிழில், தலைப்பு ஆங்கில எழுத்தில், எந்த வடிவம், முதன்மைப் பாடகர், உடன் பாடியவர், வரி, மெட்டு, ஒவ்வொருவர் பங்கும் சதவீதத்தில், பதிவான வருடம், மொழி, நான்கு எண்களுக்கும் நான்கு கட்டம். பெயர் பான் கார்டில் இருப்பதுபோலவே. பங்கு எவ்வளவு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுவதற்கு ஸ்ப்ளிட் ஷீட் என்று பெயர். பதிவு முடிந்த அன்றே வாங்கிவிட வேண்டும். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்.

பிறகு அதில் ஒரு பாட்டை மட்டும், உரியவர் சம்மதத்தோடு, அவர் பெயரிலேயே வெளியிட்டுப் பார்க்கட்டும். ஒலிக்கோப்பு வேவ் வடிவில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 அல்லது 24 பிட். அட்டைப்படம் 3,000க்கு 3,000 பிக்சல் சதுரம். அதில் போன் நம்பர் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நம் ஊர் விளம்பரப் பழக்கத்தில் இதைத்தான் முதலில் செய்வோம். வெளியீட்டுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுத்துவிட வேண்டும். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு நாள் முன்பாவது பாட்டு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அங்கே 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. அதற்காகக் காசு கொடுத்து ஸ்ட்ரீம் வாங்கிவிடக் கூடாது. போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம், அது பாட்டுக்காரர் தலையில்தான் விடியும்.

கணக்கு அறிக்கை சில மாதம் கழித்து வரும், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக. அதை எக்செல்லில் நேராகத் திறந்தால் தமிழ் எழுத்து உடைந்து கிடக்கும். 13 இலக்கப் பார்கோடு எண் 8.9E+12 என்று சுருங்கிவிடும். ஐபிஐ எண்ணின் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும். அப்படியே சேமித்தால் எண் நிரந்தரமாகக் கெட்டது. 'டேட்டா' மெனு வழியாக, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து, எண் உள்ள நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' ஆக்கி உள்ளே எடுக்க வேண்டும். பெரிய லேபிளின், அதாவது இசை நிறுவனத்தின், அறிக்கை எக்செல்லின் 10,48,576 வரிசை எல்லையைத் தாண்டும். அதனால்தான் எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழி தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். எக்செல்லின் பிவட் டேபிள், பவர் கொயரி, பிறகு எஸ்க்யூஎல், கொஞ்சம் பைத்தான் நிரலாக்கம். மூன்று வருடக் கல்லூரிக் காலம் இதற்குத் தாராளம்.

இதோடு, ஐ.நா.வின் அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவின் அகாடமி நடத்தும் டிஎல்-101 என்ற அறிவுசார் சொத்துரிமைப் பாடம், இணையத்தில் இலவசம். பட்டத்துக்குப் பிறகு ஆர்வம் நிலைத்திருந்தால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துரிமை முதுநிலை டிப்ளமோ, இல்லையென்றால் மூன்று வருடச் சட்டப் படிப்பு. யூடியூப் வருமானத்துக்கு அமெரிக்க வரிப் படிவம் நிரப்புவதையும் கற்றுக்கொள்ளட்டும். நிரப்பாத தனிநபரின் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். சரியாக நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பகுதிக்கு மட்டும், நம் நாட்டு ஒப்பந்தப்படி, 15 சதவீதம்.

வேலை எங்கே என்றால், லேபிள்களின் கேட்டலாக் பிரிவு, டிஸ்ட்ரிபியூட்டர் நிறுவனங்கள், பதிப்பகங்கள், பதிப்புரிமைச் சங்கங்கள், ஓடிடி தளங்களின் இசை அனுமதிப் பிரிவு. படத்தில் எந்த நிமிடத்தில் யாருடைய இசை எத்தனை நொடி என்று கியூ ஷீட் எழுதுவதும் இதே வேலைதான். மறைக்காமல் சொல்கிறேன்: இடங்கள் குறைவு, பெரும்பாலானவை மும்பையிலும் சென்னையிலும். கேம்பஸ் இன்டர்வியூவில் வராது. தொடக்கச் சம்பளம் சாதாரணப் பட்டதாரி அலுவலகத்தில் வாங்குவதுதான். ஆனால் தமிழ்ப் பாட்டு தெரிந்து, தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் மாறாமல் எழுதத் தெரிந்து, எஸ்க்யூஎல்லும் தெரிந்த ஆள் சுலபத்தில் அகப்படுவதில்லை. இந்தத் துறை கைகொடுக்காவிட்டாலும் அதே எஸ்க்யூஎல்லும் கணக்கும் வேறு எந்த அலுவலகத்திலும் செல்லும், தோப்பும் உங்களிடம் இருக்கும்.

"இதையெல்லாம் ஏஐயே செய்துவிடும்" என்று அண்ணன் கேட்பார். பொருத்திப் பார்க்கும் மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு எம். குமாரில் எவர் என்று அது திகைக்கும் இடத்தில்தான் மனிதர் வேண்டும். 2024இல் ஏ.ஆர். ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ வழியே ஒரு பாட்டில் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். குரலுக்கு யாரிடம் அனுமதி, யாருக்குப் பணம் என்ற கேள்வி ஏஐயால் கூடும், குறையாது.

வெள்ளிக்கிழமைக்கு முன் அண்ணனுக்கு நீங்களே போன் செய்து சீட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தம்பியைச் சொல்ல வைக்காதீர்கள். டிஎன்காசா விண்ணப்பத்துக்கு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் நகல்களை எடுத்து வையுங்கள். அந்த 7,000 பாட்டின் பட்டியலை ஒரு எக்செல் கோப்பாக மாற்றி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாடலாசிரியர் கட்டம் எத்தனை பாட்டில் காலியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.