குளிர்காலத்தில் எலித் தொல்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குளிர் தொடங்கியதிலிருந்து வீட்டில் எலி நடமாட்டம் அதிகமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

சத்தம் கூரையில் கேட்கிறதா அடுக்களையில் கேட்கிறதா, புழுக்கை எவ்வளவு நீளம் என்று எதையும் எழுதாமல் இப்படிக் கேட்டால் நான் ஆரூடம்தான் சொல்ல வேண்டும். புழுக்கை அரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் சுண்டெலி. ஒன்றரை சென்டிமீட்டரை நெருங்கினால் பெரிய எலி. இரண்டுக்கும் பொறியும் வேறு, பொறுமையும் வேறு. அளந்து பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். வெளியே இரையும் மறைவிடமும் குறையும்போது எலி சூட்டைத் தேடி வருவது இயல்பு. ஆனால் ஓட்டை இருக்கும் வீட்டுக்குள்தான் அதனால் வர முடியும். ஆகவே முதலில் ஓட்டையை அடையுங்கள்.

எவ்வளவு சிறிய ஓட்டை வரை அடைக்க வேண்டும்?

ஒரு பென்சில் நுழையுமானால் அடைக்க வேண்டும். சுண்டெலிக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பெரிய எலியின் குட்டிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். பகலில் அறையை இருட்டாக்கி, கதவின் அடியிலும் கூரை ஓரத்திலும் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் ஒரு வட்டத் தகடு பளபளவென்று இருக்கும். அதை நகர்த்திப் பார்த்தால், குழாயைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கொத்தனார் உடைத்துவிட்டு அப்படியே விட்டுப்போன ஓட்டை பெரும்பாலும் இருக்கும்.

நுரை அடைப்பான் அடித்திருந்தேன். இரண்டே நாளில் குடைந்துவிட்டது.

நுரை காற்றைத்தான் தடுக்கும். ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளரும் முன்பற்களைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டிய பிராணிக்கு நுரை, மரம், ரப்பர், பிளாஸ்டிக் எதுவுமே தடையில்லை. துருப்பிடிக்காத எஃகு நாரை இறுக்கித் திணித்து, அதன்மேல் சிமென்ட் சாந்து பூசுங்கள். சாதாரண இரும்பு நார் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். காற்றுத் துளைகளுக்கு நெருக்கமான உலோகக் கம்பிவலையும், கதவின் அடிக்கு உலோகப் பட்டையும் பொருத்துங்கள்.

மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டுவதாகச் சொல்லும், மின்சாரத்தில் செருகும் மீயொலிக் கருவி வாங்கலாமா?

வேண்டாம். அந்த ஒலி சுவரையும் அலமாரியையும் தாண்டாது. ஒலி எட்டும் இடத்திலும் எலி சில நாட்களில் பழகிக்கொள்ளும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இக்கருவிகளைப் பற்றிய விளம்பரங்களுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று 60-க்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்களையும் விற்பனையாளர்களையும் 2001-லேயே எச்சரித்தது.

நாஃப்தலீன் உருண்டை?

அதன் ஆவி எலியைவிட உங்களுக்குத்தான் கெடுதல்.

பரணில் நான்கைந்து இடங்களில் விஷக்கட்டி வைத்தேன். எலி செத்துவிட்டது போலிருக்கிறது, நாற்றம் தாங்கவில்லை. விஷம் தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும் என்றார்களே? வீட்டில் பூனையும் இருக்கிறது.

இந்தத் தண்ணீர்க் கதையை முதலில் கட்டிவிட்டவர் யாரோ, அவருடைய வீட்டுச் சுவருக்குள் ஓர் எலி செத்துக் கிடக்கட்டும். கட்டியாக விற்கப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை, உடலில் வைட்டமின் கே மீண்டும் பயன்படுவதைத் தடுத்து, இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பவை. எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் நடமாடி, தளர்ந்து, தனக்குப் பாதுகாப்பென்று தோன்றும் மூலையில் போய்ச் சாகிறது. உங்கள் வீட்டில் அந்த மூலை சுவருக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிறது. நாற்றம் ஓரிரு வாரங்களில் அடங்கும், பெரிய எலியானால் இன்னும் நீளும். கைக்கு எட்டினால் கையுறை அணிந்து, இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பூனை விஷக்கட்டியைத் தின்றாலும், விஷம் தின்று தடுமாறும் எலியைப் பிடித்துத் தின்றாலும் ஆபத்துதான். ஈறு வெளுத்தால், சோர்ந்து படுத்தால், மூச்சு வாங்கினால் மருந்தின் உறையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். காலம் தாழ்த்தாமல் போனால் வைட்டமின் கே1 காப்பாற்றும். துத்தநாக பாஸ்பைடு, மஞ்சள் பாஸ்பரஸ் பசை என்ற வேறு வகை எலி விஷங்களுக்கு அந்த வாய்ப்புகூட இல்லை, முறிவு மருந்தே கிடையாது. பாஸ்பரஸ் பசையை விழுங்கிய குழந்தை முதல் ஓரிரு நாள் தேறியதுபோலத் தோன்றி, அதன்பின் கல்லீரல் செயலிழக்கக்கூடும் என்பதால், உடலில் அறிகுறி தெரியும்வரை காத்திருக்கவே கூடாது. இவ்வளவையும் வீட்டுக்குள் வரவழைத்தும், ஓட்டையை நீங்கள் அடைக்கவில்லை. செத்த எலியின் இடத்துக்கு அடுத்தது அதே வழியில் வரும்.

பொறி வைத்துப் பத்து நாளாகிறது, ஒன்றுகூடச் சிக்கவில்லை.

ஒரே ஒரு பொறியை அறையின் நடுவில் வைத்திருப்பீர்கள். எலி சுவரை உரசிக்கொண்டே ஓடும். ஆகவே பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி, இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் பல பொறிகளை வையுங்கள். சுண்டெலி புதிய பொருளை முகர்ந்து பார்க்க வந்துவிடும். பெரிய எலியோ புதியதைக் கண்டால் ஒதுங்கும். அதற்குச் சில நாட்கள் பொறியை இழுத்து மாட்டாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். இரை பட்டாணி அளவைத் தாண்டக் கூடாது. குளிரில் கூடு கட்டப் பஞ்சும் நூலும் தேடுவதால், பொறியில் நூலைச் சுற்றிக் கட்டினாலும் சிக்கும்.

கூண்டில் பிடித்ததைத் தெருமுனையில் விட்டால் போதுமா?

உங்களுக்கு முன்பே அது வீடு வந்து சேர்ந்துவிடும்.

புழுக்கைகளைத் துடைப்பத்தால் பெருக்கலாமா?

கூடாது. காய்ந்த புழுக்கையும் சிறுநீரும் தூசியாகப் பறந்தால் ஹன்டா போன்ற வைரஸ்கள் மூச்சோடு உள்ளே போகக்கூடும்; எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் பரவும். சன்னலைத் திறந்துவிட்டு, கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனையவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் காகிதத்தால் வழித்தெடுங்கள். பிளீச்சோடு வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தையும் கலக்காதீர்கள்.

எலிகள் போய்விட்டன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய புழுக்கைகளை மேலே சொன்ன முறையில் அகற்றிவிட்டு, சுவரோரம் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவி, ஒவ்வொரு காலையும் காலடித் தடமோ வால் இழுபட்ட கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் எதுவும் தெரியாவிட்டால் பொறிகளை எடுத்துவிடலாம். குழாய்த் தகட்டுக்குப் பின்னால் சிமென்ட் பூசியாகிவிட்டதா என்பதை மட்டும் அதற்குமுன் பார்த்துவிடுங்கள்.