டிக்ஷனரி படிக்கற பாப்பாவுக்கு எதுக்குங்க பல் டாக்டர் சீட்டு?

சேலம் சிவதாபுரத்துல வெள்ளிக் கொலுசு பட்டறை வச்சிருக்கற ஒரு அண்ணன், பாப்பாவை என்ன படிக்க வைக்கலாம்னு யோசனை கேக்க, சம்சாரத்தையும் பாப்பாவையும் கூட்டிட்டு அஸ்தம்பட்டில என்னைப் பாக்க வந்திருந்தாரு. பாப்பா பிளஸ் டூல நல்ல மார்க், நீட்ல மட்டும் கவர்மென்ட் சீட்டுக்கு எட்டல, அதுல இருந்து வீட்டுல ஒரே பஞ்சாயத்து. தாய்மாமா லாங் டேர்ம் கோச்சிங்ல போடுங்கறாரு, பெரியப்பா மேனேஜ்மென்ட்ல பல் டாக்டருக்கு சேர்த்துடலாம்ங்கறாரு, சித்தப்பா ஏஐ டேட்டா சயின்ஸ்னு ஒரு காலேஜ்ல அட்வான்ஸே கட்ட வச்சுட்டாரு. பாப்பா என்னங்க சொல்லுதுன்னு கேட்டா, "அது என்ன சொல்லும், எந்நேரமும் டிக்ஷனரியை வச்சுக்கிட்டு நோட்டுல கிறுக்கிட்டே கெடக்குது, எங்களுக்கு பயமே அதுதாங்க"ன்னாரு.

அண்ணே, பாப்பா முன்னாடி கொஞ்சம் பதமா பேசி அனுப்பிட்டேன். மீதிய இங்க எழுதறேன், இதே நெலமைல இருக்கற மத்தவங்களும் படிக்கட்டும்.

எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்கன்னு நான் சொல்லுவேன்னு வந்தீங்க. சொல்ல மாட்டேன். பட்டறை மேல கடன் வாங்கி, அக்கா கழுத்துல இருக்கறதையும் அடகு வச்சு, பாப்பா கேக்காத ஒரு படிப்புக்கு கட்டப்போறீங்க, அதுக்கு நீங்க நல்லாவே கவலைப்படணும். பிடிஎஸ் நாலு வருஷம், இன்டர்ன்ஷிப் ஒரு வருஷம், அப்புறம் தனியா கிளினிக் போடணும்னா சேர்ல இருந்து எக்ஸ்ரே வரைக்கும் திரும்ப லட்சக்கணக்குல மொதல் போடணும், இதை உங்க அண்ணன் சொன்னாரா? வட்டி கட்டறது நீங்க, பேர் சொல்லிக்கறது அவரு.

தாய்மாமா பாப்பாவோட பயாலஜி நோட்டை என்கிட்ட காட்டச் சொல்லி குடுத்து விட்டிருந்தாரு, ஓரத்துல எல்லாம் ரத்தத்தைப் பத்தி எழுதி வச்சிருக்கு பாருங்க, இது டாக்டராக வேண்டிய புள்ளைன்னு. நானும் பாத்தேன். ஹீமோகுளோபின், ஹீமோஃபீலியா, ஹெமரேஜ், மூணுக்கும் ஒரே தலையெழுத்து, மூணும் ரத்தம்னு அர்த்தம் வர்ற கிரேக்க சொல்லுல இருந்து வந்ததுன்னு எழுதி, பக்கத்துலயே ஹெமிஸ்பியர்னு எழுதி ஒரு கேள்விக்குறி போட்டு, அதுக்குக் கீழ "இது வேற, இது பாதி"ன்னு எழுதியிருக்கு. இதுல ரத்தம் எங்கங்க இருக்கு? புள்ளைக்கு புடிச்சது அந்த வார்த்தைங்க. இதைப் பாத்துட்டு நீட்டுக்கு அனுப்பினா இன்னும் ஒரு வருஷம் போகும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் பெரிய நோட்டு. நீங்க கிறுக்கல்னு சொன்னீங்களே அது. எனக்கு உக்காந்து படிக்கத் தோணுச்சு. சி ஏ டின்னு தொடங்கற வார்த்தைங்களுக்கு மட்டும் ரெண்டு பக்கம் முழுசா. கேட்டலாக், கேட்டராக்ட், கேட்டாஸ்ட்ரஃபி மூணும் கிரேக்கத்துல "கீழே"ங்கற அர்த்தம் வர்ற கட்டான்னு ஒரு முன்னொட்டுல இருந்து கெளம்பினது. கேட்டராக்ட்னா மொதல்ல மேல இருந்து பாஞ்சு விழற தண்ணி, நம்ம கிளியூர் ஃபால்ஸ் மாதிரி, அப்புறம் கோட்டை வாசல்ல மேல இருந்து இறக்கற கதவுக்கும் அதே பேரு, அந்தக் கதவு மாதிரி பார்வையை மறைக்கறதால கண்ணுல வர்ற புரைக்கும் அதே பேரு. கேட்டர்பில்லர், அதாவது கம்பளிப்பூச்சி, அந்த கூட்டத்துல சேராது, அது பழைய பிரெஞ்சுல "முடி உள்ள பூனை". கேட்டமரான் எதுலயுமே சேராது, அது நம்ம கட்டுமரம், 1600கள் முடியறதுக்குள்ளயே இங்கிலீஷுக்குள்ள போயிடுச்சு. ஒரே மூணு எழுத்துல தொடங்குது, மூணும் வேற வேற ஊர்ல இருந்து வந்திருக்கு, பாப்பா அதை மூணு கலர் பேனால பிரிச்சு வச்சிருக்கு.

அடுத்த பக்கத்துல எஸ் என். ஸ்னோர், ஸ்னிஃப், ஸ்னீஸ், ஸ்னவுட், எல்லாமே மூக்கு சம்பந்தப்பட்டது. ஸ்னோவுக்கும் ஸ்னேக்குக்கும் மூக்கு எங்கன்னு கீழயே தனக்குத்தானே கேட்டிருக்கு. இந்த மாதிரி ஒரு சத்தம் ஒரு அர்த்தத்தோட ஒட்டிக்கிட்டு வர்றதுக்கு ஃபோனஸ்தீம்னு 1930ல ஜே.ஆர். ஃபர்த்னு ஒரு மொழியியல்காரர் பேரே வச்சிருக்காரு. ஸ்னீஸ்ங்கற வார்த்தையே பழைய இங்கிலீஷ்ல எஃப் என்னுல தொடங்கினதுதான், அந்த எழுத்துக்கூட்டு வழக்கத்துல இல்லாம போக, இது மூக்குக் கூட்டத்துல வந்து சேர்ந்துடுச்சு. தமிழ்ல பளபள, பளிச், பளீர்னு வருதே, அப்ப பளிங்கும் இதுல சேருமான்னு பாப்பா என்கிட்ட கேட்டுச்சு. அப்பா பட்டறைல கொலுசுக்கு மெருகு போடறதைப் பாத்து வந்த கேள்வியாம். காலேஜ்ல பாடம் நடத்தறவங்களே நின்னு யோசிக்க வேண்டிய கேள்விங்க அது, நீங்க "சாப்ட வா"ன்னு கூப்ட்டு அடக்கியிருக்கீங்க.

இதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கு, மொழியியல், லிங்விஸ்டிக்ஸ். பிஎட், பேங்க் எக்ஸாம், குரூப் ஃபோர் எல்லாம் உங்க தெருவுலயே நாலு பேரு சொல்லுவாங்க, அதை நான் தொடல.

மொதல் எழுத்தை வச்சு சொல்லை அடுக்கறது வெட்டி வேலைன்னு நெனைக்காதீங்க. நம்ம பழைய சொல் தொகுப்பான நிகண்டுங்க எல்லாம் தேவர் பேரு, மரத்துப் பேருன்னு தலைப்பு வாரியா செய்யுளா இருந்துச்சு, மனப்பாடம் பண்ணாதான் உண்டு. 1594ல ரேவண சித்தர்தான் அகராதி நிகண்டுன்னு மொதல் எழுத்து வரிசைல அடுக்கினாரு, 1732ல வீரமாமுனிவர் சதுரகராதி போட்டாரு. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன் 1924ல இருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்துச்சு, ஒரு லட்சத்துக்கு மேல சொல்லு. ஆக்ஸ்ஃபோர்டு டிக்ஷனரியை பத்து வருஷத்துல முடிச்சிடலாம்னு 1879ல ஒப்பந்தம் போட்டாங்க, 1884ல மொத பகுதி வந்தப்ப ஏ-ல தொடங்கி ஆன்ட் வரைக்கும்தான் ஆகியிருந்துச்சு, எறும்போட நின்னுடுச்சு, முழுசும் முடிய 1928 ஆச்சு. நிதானமா உக்காரத் தெரிஞ்ச ஆளுங்களோட வேலை இது, உங்க பாப்பாவுக்கு அந்த நிதானம் இப்பவே இருக்கு.

இன்னிக்கு டிக்ஷனரி மட்டும் இல்ல. போன்ல தமிழ்ல பேசினா எழுத்தா மாறுதே, பாஷை மாத்திக் குடுக்குதே, அதுக்குப் பின்னாடி ஒக்காந்து சொல்லை உடைச்சுக் காட்ட ஆள் வேணும். "வரவேண்டியிருந்ததுங்க"ன்னு நீங்க மூச்சு விடாம சொல்றீங்க, இங்கிலீஷ்ல அது பல வார்த்தை, எங்க வெட்டணும்னு மெஷினுக்கு யாராவது சொல்லிக் குடுக்கணும்ல. மத்திய அரசே 2022ல பாஷினின்னு இந்திய மொழிகளுக்காக ஒரு திட்டம் கொண்டாந்திருக்கு. சித்தப்பா சொல்ற ஏஐக்குள்ள போக இதுவும் ஒரு வாசல்தாங்க, பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழிய மட்டும் காலேஜ் படிக்கறப்பவே கொஞ்சம் கத்துக்கணும். அதுக்காக தங்கம் கொட்டும்னு சொல்ல மாட்டேன், இந்த வேலைல நெறைய கான்ட்ராக்டா இருக்கும், மொத ரெண்டு மூணு வருஷம் சம்பளம் சுமார்தான், டீச்சிங், ரிசர்ச் பக்கம் போகணும்னா நெட்னு ஒரு தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டி வரும். நெட்ல மொழியியல் தனிப் பாடமாவே இருக்கு, அதுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கெடச்சா 2023ல இருந்து மாசம் 37,000 ரூபாய், பிஎச்டி படிக்கறதுக்கு அவங்கதான் உங்களுக்குக் காசு குடுக்கறாங்க, நீங்க இல்ல.

வழி எப்படின்னா, நம்ம பக்கத்து காலேஜ்கள்ல பிஏ மொழியியல்னு தேடி அலையாதீங்க. பிஏ இங்கிலீஷோ தமிழோ, சேலம் கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்லயே சேருங்க, டவுன் பஸ்ல போய்ட்டு வந்துடலாம், ஒரு வருஷச் செலவு பல் காலேஜ் ஹாஸ்டல்ல ஒரு மாச சாப்பாட்டுக்குக்கூட காணாது. ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச புள்ளைன்னு சொன்னீங்க, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் பாப்பா அக்கவுன்ட்டுக்கே வரும், அதை வீட்டுச் செலவுக்கு எடுக்காதீங்க, புக்கு வாங்கட்டும். எம்ஏ-க்கு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல மொழியியலுக்குன்னே உயராய்வு மையம் இருக்கு, கோயம்புத்தூர் பாரதியார்ல துறை இருக்கு. இன்னும் தூரம் அனுப்ப மனசு வந்தா சியூஇடி பிஜிங்கற நுழைவுத் தேர்வு எழுதி ஹைதராபாத் சென்ட்ரல் யுனிவர்சிட்டி, டெல்லி ஜேஎன்யு. மைசூர்ல 1969ல இருந்து இந்திய மொழிகள் மைய நிறுவனம் இருக்கு, ஒரு லீவுல கூட்டிட்டுப் போய் காட்டுங்க, எப்படியும் மைசூர் பாக்கணும்னு அக்கா சொன்னாங்க.

பீல்டு ஒர்க்குக்கு ரொம்ப தூரம் போகவும் வேண்டாம். ஏற்காடு மேல இருக்கற ஊர்ல மலையாளிங்கற பழங்குடி மக்கள் (கேரளாக்காரங்க இல்ல) பேசற தமிழைப் போய் கேட்டு, எந்தச் சத்தம் எங்க மாறுதுன்னு எழுதறதே ஒரு எம்ஏ ப்ராஜெக்ட் ஆகும். காப்பித் தோட்டத்துக்கு டூர் போற தூரம்தான் அது.

பயாலஜி படிச்சது வீணாப் போகுதேன்னு அக்கா கண் கலங்கினாங்க. அப்படி மனசு அடங்கலன்னா பிஏஎஸ்எல்பி பாருங்க, பேச்சு, காது கேக்கற பிரச்சனை உள்ளவங்களுக்கு பயிற்சி குடுக்கற படிப்பு, மைசூர்ல அகில இந்திய பேச்சு செவிப்புலன் நிறுவனம் இருக்கு. ஆனா அதுவும் பாப்பா போய்ப் பாத்துட்டு வேணும்னு சொன்னா மட்டும். அதோட முடிச்சுக்குவோம்.

சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றதுன்னு கேட்டீங்க. ஃபீஸ் கட்டறவங்க மட்டும் யோசனை சொல்லலாம்னு சொல்லுங்க, பாதி பேரு அன்னிக்கே வாயை மூடிக்குவாங்க. கோவம் வந்தா வரட்டும்ங்க, தீபாவளிக்குள்ள சரியாயிடும். கண்ணு, நீயும் இதைப் படிப்பேன்னு தெரியும், அப்பாகிட்ட நோட்டை ஒளிச்சு வைக்காத, உக்கார வச்சு ஒரு பக்கம் படிச்சுக் காட்டு.

இன்னொன்னு, ரொம்ப அவசரம். அந்த ஏஐ காலேஜ்ல கட்டின அட்வான்ஸ். தொழில்நுட்பக் காலேஜ்களைக் கட்டுப்படுத்தற ஏஐசிடிஇ விதிப்படி கிளாஸ் தொடங்கறதுக்கு முன்னாடி விலகினா அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடிச்சுக்கிட்டு மீதியத் திருப்பித் தரணும், ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வச்சுக்கக் கூடாது. போன்ல பேசினா நாளைக்கு நாளைக்குன்னு இழுப்பாங்க. பாப்பா பேர்ல வெள்ளைப் பேப்பர்ல லெட்டர் எழுதி, ரசீது ஜெராக்ஸ் வச்சு, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, மெயிலும் போடுங்க. சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க.