கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

வாசகர் கேள்விகளுக்கு, பணி ஓய்வுபெற்ற நகரமைப்பு அலுவலர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: நகர வளர்ச்சி எல்லை என்று, உள்ளே நகரம் விரியலாம், வெளியே விளைநிலமாகவே இருக்க வேண்டும் என வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள். பக்கத்து வயல் உள்ளே போய்விட்டது. அதன் விலை பல மடங்கு ஏறிவிட்டது. என் வயல் வெளியே. நடுவில் ஒரே வரப்பு. இது நியாயமா?

பதில்: நியாயமில்லை. இதை மூடி மறைத்துப் பயனும் இல்லை. இப்படிப்பட்ட கோடுகளைப் போடும் மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: 1:10,000 அளவு வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு, தரையில் பத்து மீட்டர். 1:50,000 என்றால் ஐம்பது மீட்டர். ஒரு குடும்பத்தின் பிழைப்பே அந்தத் தடிமனுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் ஓடை, வாய்க்கால், சாலை, சர்வே எல்லை என்று தரையில் காட்டக்கூடிய ஒன்றை ஒட்டியே கோடு போக வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சண்டை போட்டேன். அப்படிப் போட்டாலும் வரப்பின் இரு பக்கமும் இரண்டு விலைதான். அந்த வித்தியாசத்துக்கு யாராவது ஈடு கட்டியாக வேண்டும்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மான்ட்கோமரி கவுன்டி 1980இல் ஒரு வழி கண்டது. சுமார் 93,000 ஏக்கரை விவசாயத்துக்கென்று ஒதுக்கி, 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்றார்கள். கூடவே, ஐந்து ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டட உரிமையை நில உரிமையாளருக்குக் கொடுத்தார்கள். கூடுதல் வீடுகள் கட்ட அனுமதிக்கப்பட்ட வேறு பகுதிகளில் வேலை எடுக்கும் கட்டுநருக்கு அதை அவர் விற்கலாம். நிலம் உழவரிடமே இருக்கும். கையில் பணமும் வரும். நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

இந்த மனக்குறையைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் சாட்சி. கட்டுப்பாட்டால் விலை குறைந்தால் இழப்பீடு கொடு, இல்லையேல் கட்டுப்பாட்டைத் தளர்த்து என்று 2004இல் மக்கள் வாக்களித்தார்கள். இழப்பீட்டுக்குப் பணம் ஏது? தளர்த்தத்தான் முடிந்தது. விளைநிலத்தில் மனைப்பிரிவுகள் பெருகிவிடுமோ என்ற அச்சத்தில், 2007இல் அதே மக்கள் அந்தச் சலுகையை வெட்டிக் குறைத்தார்கள்.

கேள்வி: நகரைச் சுற்றி எல்லை போட்டால் உள்ளே வீட்டு வாடகை ஏறாதா?

பதில்: உள்ளே கட்ட விடாவிட்டால் ஏறத்தான் செய்யும். வெளியே பூட்டுப் போட்டுவிட்டு, உள்ளேயும் தனி வீடுதான், இரண்டு மாடிக்கு மேல் கூடாது என்று சொல்லும் நகரசபைகளை என்னால் மன்னிக்க முடிவதில்லை. விலையைத் தாங்க முடியாத குடும்பங்களைத்தான் அது வெளியேற்றுகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து, 2016இல் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் அடுக்கு வீடுகளுக்கும் தொடர் வீடுகளுக்கும் வழி திறந்தது. அதன் பிறகு கட்டட அனுமதிகள் வேகமாகப் பெருகின. ஆரிகனும் 2019இல், பெரிய நகரங்களில் தனி வீடு மட்டுமே என்ற விதியைச் சட்டம் போட்டு நீக்கியது. எல்லைக் கோடும் இந்த அனுமதியும் ஒரே நாளில் வர வேண்டும்.

கேள்வி: எல்லையைத் தாண்டி நகரம் குதித்துவிடாதா?

பதில்: குதிக்கும். தென்கொரியத் தலைநகர் சோலைச் சுற்றி 1971இல், கட்டடம் பெருகாமல் தடுக்கும் பசுமை வளையம் வந்தது. பின்னர் பூந்தாங், இல்சான் போன்ற புதிய நகரங்கள் வளையத்துக்கு அப்பால் எழுந்தன. வேலைக்குப் போகிறவர்கள் வளையத்தைக் கடந்து போய் வந்தார்கள். எல்லையை ஒரே ஒரு நகராட்சி போட்டால் போதாது. சுற்றியுள்ள எல்லா உள்ளாட்சிகளும் கையெழுத்திட வேண்டும்.

கேள்வி: தேவைப்பட்டால் எல்லையைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாமே, அதில் என்ன தவறு?

பதில்: தள்ளலாம். எப்போது, எந்தப் பக்கம் என்பது யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் தவறு. கோட்டுக்குச் சற்று வெளியே உள்ள வயலைப் போய்ப் பாருங்கள். இன்றைக்கோ நாளைக்கோ மனையாகிவிடும் என்ற நினைப்பில் உரிமையாளர் கிணற்றைத் தூர்வார மாட்டார். குத்தகையை ஓராண்டுக்கு மேல் எழுத மாட்டார். குத்தகைதாரரோ, அடுத்த ஆண்டு யார் கைக்குப் போகுமோ என்று தொழுவுரம் கொட்டத் தயங்குவார். வரப்பு சரிந்தால் சரிந்தபடியே கிடக்கும். ஒரு வீடும் எழாமலேயே அந்த நிலம் தரிசாகிவிடும். பிறகு, "தரிசுதானே, உள்ளே சேர்த்துவிடலாம்" என்று கோப்பு வரும். அப்படி வந்த கோப்புகளைப் படித்தவன் நான், வயிறு எரியும்.

ஆரிகனில் உள்ள போர்ட்லாந்து நகரின் எல்லை 1979இல் வந்தது. இருபது ஆண்டுத் தேவைக்கான நிலம் உள்ளே இருக்க வேண்டும் என்பது ஆரிகன் சட்டம். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறார்கள். அதோடு நிற்காமல், நகரம் பின்னாளில் எந்தப் பக்கம் விரியலாம், எந்த விளைநிலத்தை ஐம்பது ஆண்டு வரை தொடக்கூடாது என்பதையும் முன்கூட்டியே குறித்துவைக்க 2007இல் சட்டம் கொண்டுவந்தார்கள். தொடக்கூடாத நிலம் எது என்று தெரிந்தால் அங்கே நீண்ட குத்தகை எழுதலாம், பழமரம் வைக்கலாம், வங்கியிலும் துணிந்து கடன் கேட்கலாம். எல்லைத் திருத்தத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், அந்தப் பட்டியலைத்தான் முதலில் கேட்டு வாங்குங்கள்.