அவெரோஃப் கப்பல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

1912-13இல் துருக்கிக்கு எதிராக நடந்த பால்கன் போரில், 'யோர்கியோஸ் அவெரோஃப்' என்ற ஒரே கிரேக்கப் போர்க்கப்பல் கடற்போரை வென்றது என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் இவை.

கேள்வி: கிரேக்கம் மாதிரி சின்ன நாட்டுக்கு 'யோர்கியோஸ் அவெரோஃப்' எப்படிக் கிடைத்தது?

இத்தாலி தன் கடற்படைக்காக லிவோர்னோவில் கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட கப்பல் இது. கிரேக்கம் வாங்கிக்கொண்டது. விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அவெரோஃப் என்ற செல்வந்தர் உயிலில் எழுதிவைத்த பணம், அதனால்தான் அவர் பெயர். 1910இல் நீரில் இறக்கினார்கள். எஞ்சின் இத்தாலியுடையது, கொதிகலன் பிரான்ஸ், பீரங்கி இங்கிலாந்து.

கேள்வி: இது பேட்டில்ஷிப்தானே?

இல்லை. கவசக் குரூசர், அதாவது பேட்டில்ஷிப்பைவிடச் சிறிய, வேகமான கவசப் போர்க்கப்பல். சுமார் 10,000 டன், 234 மி.மீ. பீரங்கி நான்கு, 190 மி.மீ. எட்டு.

கேள்வி: எல்லி சண்டை 1912 டிசம்பர் 3ஆ, 16ஆ?

கிரேக்கக் கடற்படையும் துருக்கிக் கடற்படையும் டார்டனெல்ஸ் நீரிணையின் வாயிலில் மோதிய சண்டை அது. இரண்டும் ஒரே நாள். கிரேக்கர்கள் 1923 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள், 13 நாள் வித்தியாசம். தேதியைப் பார்த்தால் முதலில் எந்த நாட்காட்டி என்று பாருங்கள்.

கேள்வி: எல்லியில் ஒரு துருக்கிக் கப்பல்கூட மூழ்கவில்லை. ஒரே கப்பல் போரை வென்றது என்பது மிகைதானே?

மூழ்கவில்லை, உண்மை. ஆனால் அன்று நடந்ததைப் பாருங்கள். கிரேக்க அட்மிரல் குந்தூரியோடிஸுடன் வந்த மூன்று பழைய கவசக் கப்பல்களுக்கு வேகம் போதவில்லை, அவர் தனித்துச் செயல்படுவதாகக் கொடி ஏற்றிவிட்டு 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் அவெரோஃபை மட்டும் முன்னால் செலுத்தி எதிரி வரிசையின் தலையைக் குறுக்கே மறித்தார். துருக்கியர்கள் திரும்பி டார்டனெல்ஸுக்குள் போய்விட்டார்கள். அவர்களின் இரண்டு பெரிய கப்பல்களிலும் இருந்தது 280 மி.மீ. பீரங்கி, அவெரோஃபினுடையதைவிடப் பெரியது! ஆக, வென்றது வேகம்.

கேள்வி: திரும்பிப் போனதெல்லாம் வெற்றியா? அடுத்த மாதமே மறுபடி வந்தார்களே.

வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்பதில்தான் பதிலே இருக்கிறது. அவெரோஃப் துரத்திக்கொண்டு விலகிப் போகட்டும் என்று 'ஹமிதியே' குரூசரை வெளியே அனுப்பினார்கள், அது கிரேக்கத் தீவான சிரோஸின் துறைமுகத்தைச் சுட்டது. குந்தூரியோடிஸ் அசையவில்லை. 1913 ஜனவரி 5 அன்று லெம்னோஸ் தீவு அருகே அவெரோஃப் காத்திருந்தது, துருக்கியர்கள் மறுபடியும் அடி வாங்கித் திரும்பினார்கள். ஆசியா மைனரிலிருந்து பால்கன் போர்முனைக்குக் கடல் வழியே படை அனுப்பத் துருக்கியால் முடியாமல் போனது. கப்பலை மூழ்கடிப்பதைவிட இது பெரிய காரியம் என்பேன், இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கேள்வி: பேட்டில்ஷிப் என்றுதானே எல்லோரும் எழுதுகிறார்கள்?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: இந்தியாவுக்கு வந்ததா?

வந்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மானியர் நெருங்கியபோது கப்பலை மூழ்கடிக்க உத்தரவு வந்தது, மாலுமிகள் மறுத்து அலெக்சாண்டிரியாவுக்கு ஓட்டி வந்துவிட்டார்கள். அப்புறம் பம்பாயில் தங்கி 1942 வரை இந்தியப் பெருங்கடலில் கான்வாய்களுக்கு (கூட்டமாகச் செல்லும் சரக்குக் கப்பல்களுக்கு) காவல் போனது. முப்பது வருடப் பழைய கப்பல், அந்த வயதில்!

கேள்வி: இப்போது எங்கே?

ஏதென்ஸ் அருகே பாலியோ ஃபாலிரோவில், அருங்காட்சியகமாக. உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே கவசக் குரூசர்.

கேள்வி: லெம்னோஸ் சண்டை ஜனவரி 18 என்று படித்தேன், தவறாக எழுதிவிட்டீர்களே?

நாட்காட்டி. மூன்றாவது பதிலைப் படியுங்கள்.