சொல்லும் அதன் சுற்றமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். மேற்படிப்புக்காக ஜிஆர்இ நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். 3500 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றிலிருந்து தினம் 20 சொல் வீதம், எதிரே தமிழ் அர்த்தம் எழுதி, இதுவரை 1100 சொற்களை மனப்பாடம் செய்துவிட்டேன். எதைக் கேட்டாலும் பொருள் சொல்வேன். ஆனால் போன வாரம் எழுதிய கட்டுரையில் பயிற்சி மைய ஆசிரியர் பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டார். 'கடவுள் யூபிக்விடஸ்' என்று எழுதியது தப்பாம். 'படிப்பு நம் அறிவை எக்ஸாசர்பேட் செய்கிறது' என்பதும் தப்பாம். பட்டியலில் 'எங்கும் நிறைந்த', 'அதிகப்படுத்து' என்றுதானே இருக்கிறது?

எந்த ஆப் நல்லது? கிரேக்க, லத்தீன் வேர்களைப் படிக்கலாமா? நாளிதழ்த் தலையங்கம் உதவுமா? தமிழ்வழியில் படித்ததுதான் என் குறையா?

க.,
ஈரோடு

அன்புள்ள க.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். எல்.கே.ஜி. முதல் ஆங்கிலவழியில் படித்தவர்கள்தான் 'டிஸ்கஸ் அபவுட்' என்றும் 'கோப் அப் வித்' என்றும் அலுவலக மின்னஞ்சல்களில் நாள்தோறும் எழுதுகிறார்கள். முதலாவதில் 'அபவுட்' கூடாது, இரண்டாவதில் 'அப்' கூடாது. அவர்களுக்கும் உங்களுக்கும் தட்டுகிற இடம் ஒன்றுதான். வேலை முடிந்து வந்து, அசதியோடு உட்கார்ந்து 1100 சொற்களை நெட்டுருப் போட்டிருக்கிறீர்கள். உழைப்பில் ஒரு குறையும் இல்லை. அந்த உழைப்பைப் பாழாக்கும் வழியை உங்களுக்குக் காட்டிக் கொடுத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். கொஞ்சம் உங்கள் மேலும் உண்டு. முதல் 200 சொல் முடிந்ததுமே அதில் பத்தை வைத்துப் பத்து வாக்கியம் எழுதிக் காட்டியிருந்தால் அப்போதே குட்டு உடைந்திருக்கும். ஏன் செய்யவில்லை?

இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒற்றைத் தமிழ் அர்த்தம் என்ற இந்த நோட்டு முறையைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே எழுத நினைத்திருந்தேன். உங்கள் இரண்டு வாக்கியங்களும் அதற்குச் சரியான சாட்சி.

'எங்கும் நிறைந்த' என்றதும் தமிழ் மனத்துக்கு வருவது இறைவன். ஆங்கிலத்தில் இறைவனுக்கு 'ஆம்னிபிரசன்ட்' இருக்கிறது. 'யூபிக்விடஸ்' மொபைல் போனுக்கு, பிளாஸ்டிக் பைக்கு, விளம்பரத் தட்டிக்கு வரும். எங்கே திரும்பினாலும் கண்ணில் படுகிற பொருளுக்கு. 'எக்ஸாசர்பேட்' அதிகப்படுத்தத்தான் செய்யும், ஆனால் ஏற்கெனவே கெட்டிருப்பதை மட்டும்: நெருக்கடி, தட்டுப்பாடு, பதற்றம், ஆஸ்துமா. அறிவையோ லாபத்தையோ அதன் பக்கத்தில் வைத்தால், அறிவை ஒரு நோயாகச் சொன்னதாகிவிடும். உங்கள் பட்டியல் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிட்டது.

தமிழில் நீங்கள் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டீர்கள். துணி துவைப்போம், பாத்திரம் விளக்குவோம், முகம் கழுவுவோம், தலைக்குக் குளிப்போம். ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் 'வாஷ்' போதும். 'வாஷ்' என்றால் துவை என்று மட்டும் படித்த ஒருவர் 'முகத்தைத் துவைத்தேன்' என்பார். அவருக்குச் சொல் தெரியும், சொல்லின் சுற்றம் தெரியாது. நாம் அந்தச் சுற்றத்தை யாரிடமும் பாடமாகப் படிக்கவில்லை, வீட்டில் கேட்டே வளர்ந்தோம். ஆங்கிலத்தை அப்படிக் கேட்டு வளராதவர் அதைத் தேடி எடுத்து எழுதி வைத்தாக வேண்டும், வேறு வழி இல்லை. ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் 1950களிலேயே ஒரு சொல்லை அதனோடு சேரும் சொற்களால் அறியலாம் என்றார். எழுபது ஆண்டுகள் ஆகியும் நம் பயிற்சி மையங்களின் வாசலை அது எட்டவில்லை.

அரிய சொல்லுக்கு மட்டும்தான் இது என்று நினைத்துவிடாதீர்கள். 'காஸ்' (cause, உண்டாக்கு) தெரியும்தானே? ஆறாம் வகுப்புச் சொல். அதற்குப் பின்னால் வழக்கமாக வருபவை சேதம், தாமதம், விபத்து, மரணம், சிக்கல். 'இந்தத் திட்டம் மக்களுக்கு மகிழ்ச்சியை காஸ் செய்தது' என்று எழுதினால் இலக்கணப் பிழை கிடையாது, படிப்பவருக்கு மட்டும் உறுத்தும். உங்கள் ஆசிரியர் போட்ட வட்டங்களில் பாதி இந்த மாதிரி எளிய சொற்களின் மேல்தான் இருக்கும், பாருங்கள்.

இதைச் சரிசெய்யக் கருவி உண்டு. ஆங்கிலம் கற்பவருக்கென்றே எழுதப்பட்ட அகராதி. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது தொகுத்தது. 1942இல் டோக்கியோவில் வந்தது, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பாக வெளியிட்டது. ஜப்பானிய மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துச் செய்த வேலை அது. அந்த வினை செயப்படுபொருள் கேட்குமா, அந்தப் பெயர்ச்சொல் பன்மை ஏற்குமா, பின்னால் 'ஆஃப்' வருமா 'டு' வருமா, எல்லாம் அதில் உண்டு. அதன் பரம்பரையில் வந்த அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதிகள் இன்று இணையத்தில் இலவசம். சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் அருமையான உழைப்புதான். ஆனால் மொழிபெயர்க்க உட்காருபவருக்கு அது உதவுகிற அளவு, ஆங்கிலத்தில் எழுத உட்காருபவருக்கு உதவாது.

இனி நோட்டு. சொல்லுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். முதலில், நீங்கள் அதைச் சந்தித்த வாக்கியம், முழுதாக. அதன் கீழே அகராதியிலிருந்து மூன்று கூட்டாளிகள்: 'மிட்டிகேட்' (தணி, குறை) என்றால் ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட். அடுத்து இலக்கணக் குறிப்பு. அடுத்து, எதோடு சேராது என்பது. இந்த வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், உங்களைக் கவிழ்த்ததும் இதுதான். கடைசியில் உங்கள் வேலை, உங்கள் ஊர் பற்றி நீங்களே எழுதிய வாக்கியம். தமிழ் அர்த்தம் வேண்டுமானால் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். பொருள் நெருங்கிய சொற்களை ஒரே நாளில் சேர்த்துப் படிக்க வேண்டாம். பிறகு எது எது என்று மாறிப் போகும்.

அட்டை செய்தால், முன்பக்கம் வாக்கியத்தை எழுதி அந்தச் சொல் இருந்த இடத்தைக் காலியாக விடுங்கள், முதல் எழுத்து மட்டும் இருக்கட்டும். பின்பக்கம் சொல். சொல்லைப் பார்த்து அர்த்தம் சொல்வது படிக்க உதவும், எழுத உதவாது. மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 16ஆம் நாள், 35ஆம் நாள் என்று திரும்பிப் பாருங்கள். தவறினால் அந்த அட்டை மறுபடி முதல் நாளுக்குப் போகும். செபாஸ்டியன் லைட்னர் 1972இல் எழுதிய பெட்டி முறையின் சாரம் இதுதான், இன்றைய ஆப்களின் அடிப்படையும் இதுவே. அதனால் எந்த ஆப் என்பது ஒரு கேள்வியே அல்ல. அடுத்தவர் செய்துவைத்த அட்டைகளை மட்டும் இறக்கிக்கொள்ளாதீர்கள்.

ஒரு கணக்குப் போடுங்கள். தினம் 20 சொல், சொல்லுக்கு ஐந்து மீள்பார்வை என்றால் 35 நாளுக்குப் பிறகு தினம் 100 அட்டை புரட்ட வேண்டும், அரை நிமிடம் வீதம் ஐம்பது நிமிடம். வேலைக்குப் போகிறவருக்கு இது நடக்காது. நடக்காதபோது முதலில் விட்டுப்போவது மீள்பார்வைதான், புதுச் சொல் சேர்ப்பதல்ல. ஐந்து சொல் எடுத்தால் 25 அட்டை, பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம்.

எந்த ஐந்து? மைக்கேல் வெஸ்ட் வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தோடு 1953இல் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள். சாதாரண எழுத்தில் அவையே கிட்டத்தட்ட 80 சதவீதம். ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்த 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) கல்வித்துறை எழுத்தில் இன்னொரு 10 சதவீதத்தை மூடுகின்றன. 'இம்ப்ளை', 'இன்ஃபர்', 'அட்ரிப்யூட்', 'கான்ஸ்டிட்யூட்' எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. எழுதியவர் இம்ப்ளை செய்வார் (குறிப்பால் உணர்த்துவார்), படிப்பவர் இன்ஃபர் செய்வார் (ஊகித்தறிவார்). 'கன்ஸிஸ்ட்' பின்னால் 'ஆஃப்' கேட்கும், 'கான்ஸ்டிட்யூட்' கேட்காது. இந்த 570ஐயும் தடுமாறாமல் எழுதத் தெரியாதவர் அந்த 3500ஐத் தொடவே கூடாது. அப்படிப்பட்ட பட்டியல்கள் எதிர்ச்சொல்லும் ஒப்புமையும் கேட்ட பழைய ஜிஆர்இக்குப் பொருந்தியவை. 2011 ஆகஸ்டில் அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்தின் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறார்கள், ஆறு சொற்களில் ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். சொல்லின் சுற்றத்தைத்தான் சோதிக்கிறார்கள்.

வேர்கள்: தெரிந்த சொல்லை நினைவில் நிறுத்த உதவும், தெரியாததை ஊகிக்க நம்பாதீர்கள். 'இன்ஃப்ளேமபிள்' என்றால் எளிதில் தீப்பிடிப்பது. முன்னால் வரும் 'இன்' என்பதை 'அல்லாத' என்று எடுத்து, தீப்பிடிக்காதது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு லாரி பக்கத்தில் தீக்குச்சி கிழிக்க முடியுமா? தலையங்கம்: படிக்கலாம், நாளைக்கு ஒன்று, ஐந்து சொல்லுக்கு மேல் அடிக்கோடு வேண்டாம்.

இப்போது அந்தச் சிவப்பு வட்டக் கட்டுரையை எடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் அகராதியைத் திறந்து கூட்டாளிகளைப் பார்த்து வாக்கியத்தை மாற்றி எழுதி, அதே ஆசிரியரிடம் திரும்பக் கொடுங்கள். அவர் நல்ல ஆசிரியர், விட்டுவிடாதீர்கள். தேர்வுத் தேதியை நீங்கள் எழுதவில்லை. நான்கு மாதம் இருந்தால் 570இல் தடுமாறுகிறவற்றைப் பொறுக்கித் தினம் ஐந்தாகப் படியுங்கள். ஒரு மாதம்தான் என்றால் புதுச் சொல்லே வேண்டாம். நீங்கள் படித்த 1100இல், பயிற்சித் தாள்களில் இரண்டு முறையாவது கண்ணில் பட்டவற்றை மட்டும் எடுத்து அரைப் பக்கம் அரைப் பக்கமாக எழுதுங்கள்.

அன்புடன்