பெட்ரோல் காரிலிருந்து பிறந்த மின்சார கார்: வாங்கலாமா, காத்திருக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன், வேலைக்காகத் தினமும் புதுச்சேரி சென்று வருகிறேன். நெடுநாளாக ஒரே நிறுவனத்தின் பெட்ரோல் காரைத்தான் ஓட்டுகிறேன். அந்நிறுவனம் இப்போது விற்கும் மின்சார கார், பழைய பெட்ரோல் மாடலிலேயே பேட்டரியைப் பொருத்திச் செய்தது என்கிறார்கள். வாங்கலாமா, மின்சாரத்துக்கென்றே வடிவமைத்த கார் வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: உங்கள் தேவைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. புதிய அடித்தளம் (காரின் அடிப்பகுதிச் சட்டக அமைப்பு, பிளாட்ஃபார்ம்) ஒன்றை உருவாக்கப் பெரும் முதலீடு வேண்டும் என்பதால், பழைய நிறுவனங்கள் கையிலுள்ள மாடலை மாற்றியமைத்தே இத்துறையில் கால்வைக்கின்றன. டாடா 2020-இல் நெக்ஸானை அப்படித்தான் மின்சாரத்துக்கு மாற்றியது. மின்சாரத்துக்கென அமைத்த அடித்தளத்தில் பஞ்ச் இ.வி. வந்தது 2024-இல். மகிந்திராவும் மாற்றியமைத்த எக்ஸ்யுவி400-க்குப் பிறகே, மின்சாரத்துக்கென்றே வடிவமைத்த பிஇ 6-க்கு வந்தது. தனி அடித்தளத்தில் அயோனிக் 5-ஐ ஏற்கெனவே விற்றுவந்த ஹூண்டாய், 2025-இல் கிரெட்டாவின் உடலிலேயே மின்சார காரைக் கொண்டுவந்தது என்பதைப் பார்த்தால், மாற்றியமைப்பது திறமைக் குறைவின் அடையாளமன்று, விலையைக் கட்டுக்குள் வைக்கும் வழி என்பது விளங்கும்.

இதில் நீங்கள் இழப்பது பெரும்பாலும் இடவசதிதான். போகவர ஏறக்குறைய 50 கி.மீ. தூரத்துக்கு 30 கிலோவாட்-மணி பேட்டரியே தாராளம்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. எஞ்சினைத் தாமே வடித்துப் பழகிய நிறுவனங்கள், பேட்டரி செல்களைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்குகின்றன; பல ஆண்டுகளாக எஞ்சினில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இப்போது முந்நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரத்தைக் கையாளக் கற்றாக வேண்டும். ஆகவே முன்பணம் கட்டுமுன், கடலூரிலோ புதுச்சேரியிலோ உள்ள சர்வீஸ் சென்டருக்கு நேரில் சென்று, அதற்கெனப் பயிற்சி பெற்றவர் அங்கே இருக்கிறாரா, பேட்டரியில் கோளாறு வந்தால் அங்கேயே பிரித்துப் பார்ப்பார்களா, சென்னைக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றால், அதுவரை மாற்று வண்டி தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய நிறுவனத்தின் உண்மையான பலம் அதன் பெயரன்று, ஊருக்கு ஊர் இருக்கும் பணிமனைதான். அது தயாராகாத இடத்தில் அந்தப் பெயரால் உங்களுக்குப் பயனில்லை.

நம் கடற்கரை ஊர்களுக்கு வெள்ளமும் ஒரு கேள்வி. பேட்டரிக்குள் தூசியும் நீரும் புகாது என்பதற்குச் சொல்லப்படும் ஐபி67 தரம் என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் வைத்துச் செய்யும் சோதனையே தவிர, 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரித் தெருக்களில் தேங்கியது போன்ற வெள்ளத்தில் வண்டியை நிறுத்திவைக்கலாம் என்ற உத்தரவாதமன்று. மூழ்கிய காரை ஆன் செய்யாமலும் சார்ஜ் போடாமலும் நிறுவனத்தை அழையுங்கள். வெள்ளச் சேதம் வாரண்டியில் அடங்குமா, பேட்டரிக்குக் காப்பீடு பொருந்துமா என்பதை வாங்கும்போதே படித்துப் பார்த்துவிடுங்கள்.